அம்மாவை யார் பார்ப்பது? நோர்வேத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கப் பொறுப்பாளர்களே, கோயில் நிர்வாக சபையினரே, ஊர்ச் சங்கத் தலைவர்களே, தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் ஆசிரியர்களே,

வணக்கம்.

எங்கள் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பற்றியே இந்த மடல். "வெள்ளையள் தாய் தேப்பனை ஹோமில விட்டிட்டுப் போயிடுவாங்கள். நாங்கள் அப்பிடிச் சனமில்லை." முதியோர் விழாவில் சொல்கிறார்கள், கோடைகால ஒன்றுகூடலில் சொல்கிறார்கள், அந்தியேட்டி மலர்களில்கூட எழுதுகிறார்கள். சொல்பவருக்குக் கைதட்டலும் கிடைக்கிறது. அதே மண்டபத்தில், மறதி நோய் வந்த மாமியாரை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு அரை மணித்தியாலம் தலைகாட்ட வந்த மருமகளும் இருப்பார். வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தகப்பனைக் குளிப்பாட்டித் துடைத்து, முதுகு நாரி விட்டுப்போன மகளும் இருப்பார். அந்தக் கைதட்டல் அவர்களுக்கு என்ன செய்கிறது என்று நீங்கள் யோசிக்கவேண்டும். உதவி கேட்கப் போன காலை அது திருப்பி வீட்டுக்குள் இழுக்கிறது.

நான் ஒஸ்லோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் தமிழ்ப் பெண்களும் உண்டு. அவர்களைப்போல் பொறுமையும் கைப்பக்குவமும் உள்ள ஆக்களை நான் கண்டதில்லை. சாப்பிட மறுக்கும் ஒரு நோர்வே மூதாட்டியை ஆளறிந்து, பேச்சுக் கொடுத்து, பாதிக் கோப்பைக் கஞ்சியாவது உள்ளே போகவைப்பார்கள். வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போது அவர்களே சொல்வார்கள்: "என்ர அம்மாவை நான் இப்பிடி ஒரு இடத்தில விடவேமாட்டன்." அந்த மூதாட்டிக்குத் தாங்கள் கொடுக்கும் கவனிப்பைத் தங்கள் தாய்க்கு அவமானம் என்று நினைக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாங்கள்தான். எங்கள் மேடைகள்தான்.

முதலில் அந்தப் பேச்சு உண்மையா என்று பார்ப்போம். இதை ஊகித்துப் பேசவேண்டியதில்லை. நோர்வேயில் முதுமையையும் குடும்பத்தையும் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். 2000ஆம் ஆண்டளவில் நோர்வே, இங்கிலாந்து, ஜேர்மனி, ஸ்பெயின், இஸ்ரேல் ஆகிய ஐந்து நாடுகளில் நகரவாசிகள் ஏறக்குறைய 6,000 பேரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஓயாசிஸ் என்பது அதன் பெயர். நோர்வேப் பகுதியை நோவா என்ற சமூக ஆய்வு நிறுவனத்தில் ஸ்வைன் ஊலாவ் டோட்லான்ட் நடத்தினார். அவர்கள் சோதித்துப் பார்த்த சந்தேகம் எங்கள் மேடைப் பேச்சின் சந்தேகமேதான்: அரசாங்கம் கூடக் கவனித்தால் பிள்ளைகள் கையைக் கழுவிவிடுவார்களா?

கழுவவில்லை. பெற்றோருக்குப் பிள்ளைகள் கடமைப்பட்டவர்கள் என்று நோர்வேயிலும் பெரும்பான்மையோர் சொன்னார்கள். சேவைகள் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் முதியவர் ஒருவருக்குக் கிடைக்கும் மொத்த உதவி கூடியிருந்தது. குடும்பம் கொடுக்கும் பங்கு அதனால் கரைந்து போகவில்லை. குளிப்பாட்டுதல், மருந்து, புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற பாரமான, நாள் தவறாத வேலையை நகரசபை தூக்கிக்கொள்கிறது. பிள்ளைகள் கதைப்பதற்கும், கடைக்குக் கூட்டிப்போவதற்கும், கடிதம் வாசிப்பதற்கும், வைத்தியரிடம் சேர்ந்து போவதற்கும், பக்கத்தில் இருப்பதற்கும் வருகிறார்கள். ஆக, பிரிந்தது பாசமல்ல, வேலைதான். இன்னொன்றும் தெரியவந்தது. நோர்வே முதியோரில் பலர் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பதைவிடச் சேவையைப் பெற்றுக்கொண்டு தனியாக இருப்பதையே விரும்பினார்கள். அது பிள்ளைகள் தள்ளிவிட்டதால் வந்த நிலை அல்ல, பிள்ளைக்குச் சுமையாக இருக்க மனமில்லாத பெற்றோரின் தெரிவு. எங்கள் அம்மாக்களும் அதைத்தானே சொல்கிறார்கள், "உங்களுக்குப் பாரமாக் கிடக்காமல் கண்ணை மூடவேணும்" என்று?

இந்த நாட்டின் பழைய கதையையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. போக்கிடமற்ற ஏழைகளையும் முதியவர்களையும் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு முறைவைத்து அனுப்பும் வழக்கம் நோர்வே நாட்டுப்புறத்தில் இருந்தது. இந்த வீட்டில் சில நாள் சாப்பாடும் படுக்கையும், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு. 1900ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தோடுதான் அது ஒழிந்தது. பெற்றோரைப் பராமரிக்கும் செலவைப் பிள்ளைகள் சுமக்கவேண்டும் என்ற சட்டக் கடமை 1964இன் சமூகப் பராமரிப்புச் சட்டம் வரை இருந்தது. அதை எடுத்தபோது அன்பையும் சேர்த்து எடுத்துவிடவில்லை. முதுமையில் ஒருவருக்குக் கிடைக்கும் கவனிப்பு அவருடைய பிள்ளையின் வருமானத்திலும் குணத்திலும் தங்கியிருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். பிள்ளை இல்லாதவருக்கும், பிள்ளையைப் போரில் இழந்தவருக்கும், பிள்ளை கனடாவில் இருப்பவருக்கும் அதே கவனிப்புக் கிடைக்கவேண்டும் என்பதே அதன் பொருள். எங்களைவிட அதன் அருமை யாருக்குத் தெரியவேண்டும்? எங்கள் பெற்றோரில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள் ஒரே நாட்டில் இருக்கிறார்கள்?

இனி எங்கள் நிலைமைக்கு வருகிறேன். இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுமாக நோர்வேயில் 15,000 பேருக்கு மேல் இருக்கிறோம். பெரும்பாலானோர் தமிழர். எண்பதுகளில் வந்தவர்கள் முதலில் வடக்கே போனார்கள். வார்டோ, போட்ஸ்பியூர்ட் போன்ற பின்மார்க் கரையோர ஊர்களில் மீன் தொழிற்சாலைகளில் நின்று, விறைத்த கையோடு மீன் வெட்டி, வீட்டுக்கும் காசு அனுப்பி, ஏஜென்சிக் கடனையும் கட்டி முடித்தார்கள். பிறகு ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கி வந்து, துப்புரவு வேலை, சமையலறை, பஸ், பராமரிப்பு இல்லம் என்று பிரிந்து போனார்கள். அன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயது. இன்றைக்கு அவர்களுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சிலருக்கு எழுபது. எங்கள் முதல் தலைமுறை முழுவதும் ஒரே காலத்தில் முதுமைக்குள் போகிறது. ஒஸ்லோவின் சாவு வீடுகளுக்குப் போய்வரும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டைப் பற்றி நாங்கள் பெருமைப்படுகிறோம், அதில் தவறில்லை. நோர்வே புள்ளிவிபரத் திணைக்களம் குடிவரவாளரின் வாழ்நிலையை 1996, 2005-06, 2016 ஆகிய மூன்று தடவை பெரிய அளவில் ஆராய்ந்தது. மூன்றிலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் தனிக் குழுவாக இருக்கிறார்கள். சொந்த வீட்டில் வாழ்வோரின் பங்கு மிகக் கூடிய குழுக்களில் நாங்களும் ஒன்று. வாடகைக்கு இருப்பதைப் பொறுக்காத சனம் நாங்கள். வட்டிக்கு எடுத்தாவது வீடு வாங்கிவிடுவோம். ஆனால் எப்படிப்பட்ட வீடு? ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய நாலு மாடித் தொடர்மாடிகளில் பலவற்றுக்கு லிப்ற் இல்லை. கொஞ்சம் வசதி வந்ததும் ஒஸ்லோவுக்கு அருகில் லோரென்ஸ்கூக்கிலோ லில்லஸ்த்ரோமிலோ வாங்கிய வரிசை வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மேலே, அடுப்படி கீழே. நாற்பது வயதில் ஓடி ஏறிய படி எழுபதில் மலையாகிவிடும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த ஓர் ஐயா மூன்றாம் மாடியில் இருந்து மாதக் கணக்காகக் கீழே இறங்கவில்லை என்று கேள்விப்படுகிறோம். கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். அந்தப் படியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இதில் அதிகம் இழப்பவர்கள் பெண்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவிடுங்கள்.

"நாங்கள் பாப்பம்" என்று மேடையில் சொல்லும்போது, "நாங்கள்" என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணைக் குறிக்கிறது. பேசியவர் அல்ல, பேசியவரின் மனைவி. அவருக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவரும் அவர்தான். மாமியார் படுத்த பிறகு வேலையை நூறு வீதத்திலிருந்து ஐம்பது வீதமாகக் குறைக்கிறார். ஒருவரும் அதைத் தியாகம் என்று எழுதிவைப்பதில்லை. ஆனால் ஓய்வூதியக் கணக்கு எழுதிவைக்கிறது. நோர்வேயில் இப்போதைய முறையில் ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தின் 18.1 வீதம் ஓய்வூதியக் கணக்கில் சேர்கிறது. அரைச் சம்பளம் என்றால் அரைச் சேர்ப்பு. தொழில்தருநர் கட்டவேண்டிய ஓய்வூதியமும் அப்படியே. அதற்கு மேல், குறைந்தபட்ச ஓய்வூதியத்தை முழுதாகப் பெற 40 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். முப்பத்தைந்து வயதில் கலியாணம் கட்டி வந்த பெண்ணுக்கு 67 வயதாகும்போது 32 ஆண்டுகள்தான் இருக்கும். பின்னேரத் துப்புரவு வேலை, இடையில் பிள்ளைப்பேறு, கடைசியில் மாமியாருக்காகக் குறைத்த வேலை. இவையெல்லாம் சேர்ந்து அவர் கிழவியாகும்போது மாதாமாதம் கணக்குத் தீர்க்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சட்டம் இருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. சிறு பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளுக்கு ஓய்வூதியப் புள்ளி தானாகச் சேர்கிறது. முதியவரையோ நோயாளியையோ சம்பளமில்லாமல் வீட்டில் பார்த்தாலும் புள்ளி சேர்க்கலாம். கிழமைக்கு 22 மணித்தியாலமாவது, குறைந்தது ஆறு மாதம் பார்த்திருக்கவேண்டும். ஆனால் இது தானாக வராது, நாவ் என்ற நலன்புரி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். பாரமான பராமரிப்பைச் செய்யும் உறவினருக்கு ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு நகரசபையும் வைத்திருக்கவேண்டும் என்பதும் சட்டம். கேட்டவர் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கேளாதவருக்குக் கட்டாயம் கிடைக்காது. கடந்த ஆண்டுகளில் எங்கள் மண்டபங்களில் பரதநாட்டிய அரங்கேற்றம் எத்தனை நடந்தது, இந்த இரண்டு விண்ணப்பங்களைப் பற்றி ஒரு கூட்டமாவது நடந்ததா? அரங்கேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிட்ட அம்மம்மாவையும் பாருங்கள் என்கிறேன்.

எங்களுக்குள் உலாவும் கட்டுக்கதைகளும் ஆபத்தானவை. "ஹோமுக்கு விட்டால் கொம்மூன் வீட்டை எடுத்துப்போடும்" என்பது அதில் முதலாவது. நகரசபை வீட்டை எடுப்பதில்லை. பராமரிப்பு இல்லத்தில் நிரந்தரமாக இருப்பவரின் வருமானத்திலிருந்து, அதாவது ஓய்வூதியம், வங்கி வட்டி போன்றவற்றிலிருந்து, ஒரு பங்கை எடுக்கிறார்கள். ஒரு சிறு கழிவு போக, அடிப்படைத் தொகை (ஓய்வூதியக் கணக்குகளுக்கு அரசு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தொகை) வரைக்கும் 75 வீதம், அதற்கு மேல் 85 வீதம். வீட்டில் கணவனோ மனைவியோ இருந்தால் அவர்களையும் கவனத்தில் எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். "வீட்டுக்கு வாற நேர்சுக்குக் காசு கட்டி ஏலாது" என்பது இரண்டாவது. வீட்டுக்கு வந்து செய்யும் மருத்துவப் பராமரிப்பு இலவசம். வீடு துப்புரவாக்குவது போன்ற உதவிக்குத்தான் வருமானத்துக்கேற்ற கட்டணம், குறைந்த வருமானக்காரருக்கு அதற்கும் உச்ச வரம்பு உண்டு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதற்கெதிராக முறையிடலாம், மாவட்ட ஆளுநர் அலுவலகம் வரை போகலாம். மறுப்புக் கடிதம் வந்ததும் "அவங்கள் எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்று மடித்து லாச்சிக்குள் வைப்பதுதான் எங்கள் வழக்கம்.

வயதான பிறகு பிள்ளைகள் கூப்பிட்டு வந்த அம்மாக்களின் நிலை வேறு. துணையை இழந்து, ஊரில் பிள்ளைகள் யாருமில்லாமல், அறுபதுக்கு மேல் வந்தவர்கள் இவர்கள். ஓய்வூதியத்துக்குப் போதிய ஆண்டுகள் சேர்ந்திருக்காது. 67 வயதுக்குப் பிறகு அவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு 2006 முதல் ஒரு மேலதிகக் கொடுப்பனவு இருக்கிறது. வருமானம் பார்த்துக் கொடுப்பார்கள், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். அதைப் பெறுபவர் 12 மாதத்துக்குள் 90 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் அது நின்றுவிடும். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய், தேர் தீர்த்தம் பார்த்து, தங்கச்சியின் ஆண்டுத் திவசத்துக்கும் நின்று, மழை தொடங்கமுன் வளவு வேலியைத் திருத்திவிட்டு வரலாம் என்று நினைக்கும் ஒரு தாய்க்கு அந்த 90 நாள் எவ்வளவு சின்னது! இந்த விதி சரியா பிழையா என்று வாதாட இடமுண்டு. என் மனதில் அது கொடுமையான விதிதான். ஆனால் தெரியாமல் நின்றுவிட்டு, திரும்பி வந்ததும் காசைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வாங்கும் நிலை ஓர் அம்மாவுக்கும் வரக்கூடாது.

மொழி விடயத்தை நான் நாளும் கண்ணால் காண்கிறேன். நோர்வேயில் 2020இல் மறதி நோயுள்ளவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பொதுச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பராமரிப்பு இல்லங்களில் இருப்போரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்த நோயாளிகள். நோய் கூடக்கூட, பின்னாளில் படித்த மொழி முன்னே கழன்று போகும். முப்பது ஆண்டுகள் நோர்வே மொழியில் வேலை செய்த ஒருவர் ஒருநாள் தமிழ் மட்டும் பேசத் தொடங்குவார். அவர் "தண்ணி" என்று கேட்பது பக்கத்தில் நிற்கும் பணியாளருக்கு விளங்காது. கத்துகிறார், குழப்பம் செய்கிறார் என்று குறிப்பு எழுதப்படும். இதற்குப் பயந்துதான் பல பிள்ளைகள் பெற்றோரை விட மறுக்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது, இதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் இதற்கு மருந்து கதவைப் பூட்டுவது அல்ல. தமிழ் பேசும் பராமரிப்புப் பணியாளர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தமிழ் முதியவர் நாலு பேரை ஒரே இல்லத்தில், ஒரே பகுதியில் சேர்த்து, அங்கே தமிழ்ப் பணியாளர் இருவரைப் போடுங்கள் என்று நகரசபையிடம் கேட்கமுடியும். தனி ஒரு மகள் கேட்டால் அது வேண்டுகோள். 15,000 பேரின் அமைப்புகள் சேர்ந்து கேட்டால் அது வேறு.

நினைவுப் பரிசோதனைக்கு மகனை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். அப்பா பிழையாகச் சொன்ன பதிலை மகன் பாசத்தில் திருத்திச் சொல்லிவிடுவான். நோய் தெரியவர இரண்டு ஆண்டுகள் பிந்தும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது வைத்தியசாலையின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

இப்போது ஆய்வுகளைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 ஆய்வில் 12 நாடுகளிலிருந்து வந்த 4,400 பேருக்கு மேல் நேர்காணப்பட்டார்கள். வேலை, வீடு, உடல்நலம், நட்பு, தனிமை எல்லாம் கேட்டார்கள். ஆனால் அது 16 வயது முதல் 74 வயது வரையானவர்களுக்கு. எழுபத்தைந்து வயது அம்மாவின் குரல் அதில் இல்லை. மறுபக்கம், முதுமையைப் பற்றி 2002, 2007, 2017 என்று ஒரே ஆக்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்த நோர்லாக் என்ற நாடு தழுவிய ஆய்வு இருக்கிறது. நோர்வேயில் 55 லட்சத்துக்கு மேல் சனம். நாங்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். நாட்டுக்கு முழுவதும் எடுத்த மாதிரியில் எங்கள் முதியவர்கள் அகப்பட்டால் ஒன்றிரண்டு பேர்தான் அகப்படுவார்கள். குடிவரவாளர் ஆய்வில் வயதால் விடுபட்டார்கள், முதியோர் ஆய்வில் தொகையால் விடுபட்டார்கள். கணக்கில் வராத சனத்துக்குத் திட்டமும் வராது, காசும் ஒதுக்கப்படாது. "தமிழர் தங்கள் முதியோரைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு நகரசபை அதிகாரி சொன்னால், அதை மறுத்துக் காட்ட எங்களிடம் ஓர் எண் இல்லை. அவர் அந்த எண்ணத்தை எங்கே எடுத்தார்? எங்கள் மேடையிலிருந்துதான்.

ஆய்வாளர் வந்தால் நாங்களும் கதவைத் திறப்பதில்லை. நாவ் அலுவலகத்தில் சொல்லிப்போடுவார்கள், பிள்ளைகள் நலப் பகுதிக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தகவல் போய்விடும் என்று பயம். போர்க்காலத்தில் விபரம் கேட்டு வந்தவன் எல்லோரும் நன்மைக்கு வரவில்லை என்ற அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் இந்த நாட்டில் ஆய்வுக்குத் தரும் பதில் பெயரோடு அலுவலகங்களுக்குப் போவதைச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, வீடு வீடாகப் போய்க் கேட்பது இங்கே ஒரு நல்ல மரபாகவே வளர்ந்தது. 1817இல் பிறந்த ஐலர்ட் சுண்ட் என்ற மனிதர் இறையியல் படித்துவிட்டு, நாடு முழுவதும் ஏழைகளின் வீடுகளுக்குப் போய், எப்படிப் படுக்கிறார்கள், எப்போது கலியாணம் செய்கிறார்கள், எப்படி வீடு கட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதினார். நாட்டுக் கதைகளைத் திரட்டிப் புகழ்பெற்ற ஆஸ்பியோர்ன்சன் 1864இல், கிராமத்துப் பெண்கள் கஞ்சி இறக்கும்போது கடைசியாகப் பச்சை மாவைத் தூவிக் கிண்டுவது வீண்செலவு, அறியாமை என்று எழுதினார். சுண்ட் அந்தப் பெண்களின் பக்கம் நின்றார். அடுப்படியில் நிற்பவருக்குத் தன் வேலை தெரியும், முதலில் அவரிடம் கேளுங்கள் என்பது அவருடைய வாதம். நாட்டையே கலக்கிய சண்டை அது. 1869இல் நாடாளுமன்றம் அவருக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. அவர் தொடங்கிய வழி நிற்கவில்லை. 1968இல் ஸ்வீடனில் தொடங்கி வட ஐரோப்பிய நாடுகள் எல்லாம் வாழ்நிலை ஆய்வை ஒழுங்காக நடத்துகின்றன, சம்பளத்தை மட்டும் கேளாமல் வீட்டையும் உடம்பையும் உறவையும் சேர்த்துக் கேட்கின்றன. எங்கள் அடுப்படியில் நிற்பவரிடமும் வந்து கேட்கட்டும். நாங்கள் சொல்லுவோம்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு. பதில் எடுத்துக்கொண்டு போனவர்கள் முடிவையும் கொண்டுவந்து தரவேண்டும். இதுவரை எங்களைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் நோர்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பதில் சொன்ன அம்மாவுக்கு அதில் ஒரு வரியும் தெரியாது. "ஆள் பிடித்துத் தருகிறோம், மண்டபமும் தருகிறோம், முடிந்ததும் நீங்கள் வந்து தமிழில் சொல்லவேண்டும்" என்று அமைப்புகள்தான் ஆய்வு நிறுவனங்களோடு பேசி ஒப்புக்கொள்ளவைக்க முடியும். இதைத் தனி ஆள் செய்யமுடியாது.

பராமரிப்பு இல்லங்களில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கிறது. சனி, ஞாயிறில் இன்னும் மோசம். வீட்டுக்கு வரும் பணியாளர் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர், முதியவர் ஒருவரையும் பழகிக்கொள்ள முடியாமல் திகைத்துப் போகிறார். சாப்பாடு எங்கள் நாக்குக்கு ஒத்துவராது. இவற்றைத் திருத்தவேண்டும், திருத்தச் சொல்லி உள்ளே இருந்து கேட்கவேண்டும். வெளியே நின்று கேலி செய்தால் ஒன்றும் திருந்தாது. எல்லோரும் இல்லத்துக்குத்தான் போகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வீட்டிலேயே கடைசி வரை இருக்க விரும்பும் அப்பாவுக்கு அது கிடைக்கட்டும், ஆனால் மகளின் உடம்பையும் ஓய்வூதியத்தையும் விலையாகக் கொடுத்துக் கிடைக்கவேண்டாம்.

பொறுப்பாளர்களே, வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதியோர் பராமரிப்பைத் தனி விடயமாகப் போடுங்கள். ஊர்ச் சங்கம் தனி, கோயில் தனி, கழகம் தனி என்று நிற்காமல் இதற்கு மட்டும் ஒரு பொதுக் குழு அமையுங்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். உங்கள் பகுதி நகரசபையின் விண்ணப்ப அலுவலகத்தவரை மண்டபத்துக்கு அழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து, சனத்தைக் கேள்வி கேட்கவிடுங்கள். அன்னதானத்துக்கு முதல் ஒரு மணித்தியாலம் இதற்குத் தாருங்கள், அந்த நேரம் எல்லா வயதினரும் இருப்பார்கள். புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு எழுதுங்கள்: அடுத்த வாழ்நிலை ஆய்வில் 74 வயதுக் கோட்டை எடுத்துவிடுங்கள் என்று. இவ்வளவும் செய்ய நாளெடுக்கும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாயை இல்லத்தில் சேர்த்த மகளைப் பற்றி மேடையில் இனி ஒரு சொல்லும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தால் நான் வருவேன். பராமரிப்பு வேலையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் படிவம் எங்கே கொடுப்பது, எந்தக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை எங்களுக்குத் தெரிந்தவரை சொல்லித் தருவோம். பின்னேர வேலை உள்ளவர்கள் பலர் என்பதால் கூட்டத்தை ஞாயிறு காலையில் வையுங்கள். ஏறமுடியாதவர்களும் வரக்கூடிய, படியில்லாத மண்டபமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கிலிருந்து
பராமரிப்பு இல்லப் பணியாளர் ஒருவர்